புறக்காழ்

தொல்காப்பியர் எழுத்தையும் சொல்லையும் ஆராய்ந்ததோடு அமைந்தாரல்லர். உலகத்து உயிர்களையும் உற்று நோக்கி வகை செய்தார். மரபியலில் அவர் நிலைத்திணையைப் பகுத்த முறை எண்ணி மகிழத்தக்கது. காழ் என்பது வயிரம். அவ்வயிரம் உள்ளே அமைந்தவற்றை மரம் என்றும், வெளியே அமைந்தவற்றைப் புல் என்றும் அவர் வகுத்தார். தேக்கும் கருங்காலியும் அகக்காழ் உடையவை. மூங்கிலும் பனையும் தெங்கும் புறக்காழ் உடையவை. வானோங்கி நிற்கும் பனையைப் புல்லென்று கூறுதல் பொருந்துமோ என்று வினவுவார் உளர். இக்காலத் தாவர நூலாரும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரம் என்னும் ஓரினத்துள் அடக்குவர் என்பதை அவர்கள் அறிதல் நலம்.

இரும்பைக் கொண்டு கட்டடம் எழுப்பும் பொறியாளரிடத்தும் இத்தகைய பாகுபாடு ஒன்று உண்டு. கோண இரும்பு, ஐ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவமைந்த உத்தரம் முதலியன திறந்த வடிவின. அவற்றின் எல்லாப் பக்கங்களையும் கண்ணால் காணலாம். மற்றொரு வகை, சுற்றிலும் எஃகுத் தகடு சூழ, நடுவே வெற்றிடம் உடையது. அது வட்டக் குழாயாகவும் சதுரக் குழாயாகவும் நீண்ட சதுரக் குழாயாகவும் வரும். தண்ணீர் செல்லும் குழாய் வேறு, இது வேறு. இதனுள் செல்லும் பொருள் யாதும் இல்லை. மாணவர் நாள்தோறும் ஏறிவரும் மிதிவண்டியின் சட்டம் இத்தகைய குழாய்களால் ஆயது. பேருந்து நிற்குமிடத்துக் கூரை, சந்தைக் கொட்டகை, விளையாட்டரங்கின் மேற்கூரை, வானூர்தி நிலையத்தின் நெடுந்தூண் எனப் பல இடங்களிலும் இதனைக் காணலாம். நடுவில் ஒன்றும் இல்லாத பொருளை நம்பிப் பெருஞ்சுமையை ஏற்றுவது எங்ஙனம் என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

அவ்வையம் நீங்க ஒரு தாள் போதும். தாளை நிமிர்த்தி மேசைமேல் நிறுத்தினால் அது தன்னைத்தானே தாங்கமாட்டாது மடிந்து விழும். அத்தாளையே குழல்போலச் சுருட்டி, ஓரத்தைப் பசையால் ஒட்டி நிறுத்தினால் நிமிர்ந்து நிற்கும். அதன் தலைமேல் ஒரு பாடநூலை வைத்தாலும் தாங்கும். முன்னர் மடிந்ததும் பின்னர்த் தாங்கியதும் ஒரே தாள்தான். பொருள் ஒரு சிறிதும் மிகவில்லை. பொருள் நிற்கும் இடமே மாறியது.

இதன் காரணத்தைச் சற்றே விரித்துக் காண்போர் பொறியியலின் வாயிலில் நுழைந்தவராவர். ஒரு கோலின் இரு முனைகளையும் தாங்கி, நடுவே சுமையை வைத்தால் அது கீழ்நோக்கி வளையும். அப்போது அதன் மேற்புறம் நெருக்குண்டு குறுகும். கீழ்ப்புறம் இழுபட்டு நீளும். இடையே உள்ள நடுப்பகுதியோ பெரிதும் குறுகுவதுமில்லை, நீளுவதுமில்லை. சுமையைத் தாங்கும் உழைப்பில் மிகப் பெரும்பங்கு புறத்தே உள்ள பொருளுடையது. நடுவே உள்ள பொருள், ஊதியம் பெற்றுக்கொண்டு உறங்கும் காவற்காரனைப் போன்றது. அவனை எழுப்பி வாயிலில் நிறுத்துவதே குழாயின் நுட்பம்.

கணக்கால் இதனை அளந்து பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் விட்டமுடைய உருண்ட எஃகுக் கம்பி ஒன்று உண்டு எனக் கொள்க. அதில் உள்ள எஃகைக் கூட்டாமலும் குறைக்காமலும் 100 மில்லிமீட்டர் விட்டமுடைய குழாயாகச் செய்தால், அதன் சுவர் ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர் கனமுடையதாக அமையும். எடை இரண்டிற்கும் ஒன்றே. ஆயினும் வளையாது நிற்கும் விறைப்பில் குழாய் கம்பியைப்போல் 7 மடங்கு ஆகும். முறியாது தாங்கும் வலிமையில் மூன்றரை மடங்கு ஆகும். தூணுக்கு இந்த விறைப்பு இன்றியமையாதது. நெட்டையான தூண் நசுங்கி அழிவதில்லை. ஒரு பக்கமாக வில்போல் வளைந்தே அழிகின்றது. இதனைக் கணக்கிடும் முறையை 1744ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை வெளியிட்டார். எப்பக்கம் வளையுமோ என்று முன்கூட்டிச் சொல்ல இயலாத தூணுக்கு, எல்லாப் பக்கமும் ஒரே விறைப்புடைய வட்டக் குழாய் மிகப் பொருத்தமானது.

அங்ஙனமாயின் குழாயை மேன்மேலும் அகலமாக்கி, சுவரை மேன்மேலும் மெல்லியதாக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போகலாகாது. அளவு கடந்து மெலிந்த சுவர், காலால் மிதித்த தகரக் குவளைபோல ஓரிடத்தே சுருங்கி நெளிந்துவிடும். பிறகு குழாய் முழுவதும் ஒரு நொடியில் தளர்ந்து போகும். சுவரின் கனத்துக்கும் குழாயின் அகலத்துக்கும் இடையே ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை அறியாதவர் கையில் குழாயும் நாணலே.

வெற்றிடத்தின் வலிமையை நூலில் எழுதி வைத்த பெரியார்களுள் கலிலியோ முன்னிற்பவர். திருச்சபையின் தீர்ப்பால் தம் இல்லத்தை விட்டு நீங்காதிருக்கக் கடவர் எனத் தடுக்கப்பட்டிருந்த முதுமையில், கண்ணொளி மங்கிவந்த காலத்தில், அவர் எழுதிய இறுதிப் பெருநூல் 1638ஆம் ஆண்டு ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் வெளிவந்தது. வானத்துக் கோள்களைப் பற்றிப் பேசவொட்டாது தடுக்கப்பட்ட அப்பெரியவர், அந்நூலில் பறவையின் எலும்பையும் நாணற்றண்டையும் கோதுமைத் தாளையும் எடுத்துப் பேசினார். தன்னினும் கனத்த கதிரைத் தாங்கி நிற்கும் தாள், அதே அளவு பொருளால் உட்டுளையின்றி அமைந்திருந்தால் இத்துணை உறுதி பெற்றிராது என்று காட்டினார். பேச்சைத் தடுத்தவர்களால் சிந்தனையைத் தடுக்க இயலவில்லை.

கலிலியோ சொன்னதைப் பெருமளவில் இரும்பிலே செய்து காட்டும் காலம் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே வாய்த்தது. பிரிட்டனின் வேல்ஸ் நாட்டுக்கும் ஆங்கில்சித் தீவுக்கும் இடையே மெனாய் என்னும் நீரிணை ஓடுகின்றது. அதன்மேல் புகைவண்டிப் பாலம் அமைக்கும் பொறுப்பு இராபர்ட் ஸ்டீபன்சன் என்பாரிடம் வந்தது. அவர் முதலில் வளைவுப் பாலம் எண்ணினார். பாய்மரக் கப்பல்கள் தடையின்றிச் செல்ல வேண்டும். ஆதலின் வளைவும் கூடாது, நீரிணையின் நடுவே சாரமும் கூடாது என்று கடற்படை ஆட்சியாளர் மறுத்துவிட்டனர். சங்கிலியில் தொங்கும் பாலமோ புகைவண்டியின் பெருஞ்சுமையால் ஊஞ்சல்போல ஆடும். எவ்வழியும் அடைபட்ட நிலையில் ஸ்டீபன்சனின் உள்ளத்தில் ஒரு புதுக்கருத்துத் தோன்றியது. தேனிரும்புத் தகடுகளை ஆணியடித்து இணைத்து, மாபெருங் குழாய் ஒன்றைச் செய்து, தூண்களின்மேல் கிடத்தி, அக்குழாயின் உள்ளேயே புகைவண்டியைச் செலுத்தினால் என்ன என்பதே அக்கருத்து.

கருத்து எளிது, நம்புவதற்கு அரிது. 460 அடி நீளத்துக்கு நடுவே தாங்கலின்றி நிற்கும் உத்தரத்தை அதற்குமுன் எவரும் கண்டதில்லை. ஸ்டீபன்சன் இருவரைத் துணைக்கொண்டார். ஒருவர் வில்லியம் ஃபேர்பேர்ன். இரும்புக் கப்பல் கட்டுவதில் கைதேர்ந்தவர். மற்றவர் ஈட்டன் ஹாட்ஜ்கின்சன், கணிதப் புலவர். 1845ஆம் ஆண்டில் ஃபேர்பேர்ன் தம் கப்பற்பட்டறையில் வட்டக் குழாய், முட்டை வடிவக் குழாய், நீண்ட சதுரக் குழாய் ஆகியவற்றைச் செய்து, சுமை தொங்கவிட்டு ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்தார். உத்தரமாகக் கிடந்து வளைவைத் தாங்குவதற்கு நீண்ட சதுரமே சிறந்தது என்று தெரிந்தது. அதனினும் வியப்பான செய்தி ஒன்றும் வெளிப்பட்டது. இழுபட்டுக் கிழியும் என்று எதிர்பார்த்த கீழ்ப்புறம் கிழியாதிருக்க, நெருக்குண்ட மேற்புறம் தாள்போலச் சுருங்கி நெளிந்தது. உடனே மேற்புறத்தைச் சிறுசிறு அறைகளால் ஆக்கினர்; ஒரு பெருங்குழாயின் கூரையாகப் பல சிறு குழாய்கள் அமைந்தன. பின்னர் உண்மைப் பாலத்தின் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள 75 அடி நீள மாதிரியைச் செய்து முறித்தனர். முறிந்த இடத்தைச் சீர்செய்து மீண்டும் முறித்தனர். இறுதியில் அம்மாதிரி, முதலில் தாங்கியதைக் காட்டிலும் இருமடங்குக்கு மேற்பட்ட சுமையைத் தாங்கியது.

இவ்வளவு ஆய்ந்த பின்னரும் துணைவர் இருவரும் ஒருமனப்படவில்லை. குழாய்க்குத் துணையாகச் சங்கிலியும் வேண்டும் என்றார் கணிதப் புலவர். குழாய் தன்னைத்தானே தாங்கும், சங்கிலி வீண் என்றார் கப்பற்கலைஞர். அந்நிலையில், 1847ஆம் ஆண்டு மே மாதம், செஸ்டர் நகரருகே டீ ஆற்றின்மேல் ஸ்டீபன்சன் அமைத்திருந்த வார்ப்பிரும்புப் பாலம் புகைவண்டியோடு முறிந்து வீழ்ந்தது, ஐவர் மாண்டனர். அத்துயரைச் சுமந்துகொண்டே அவர் மெனாய்ப் பாலத்தைத் தொடர வேண்டியிருந்தது. தூண்கள் சங்கிலிகளை ஏற்பதற்கான உயரத்தோடும் துளைகளோடும் எழுந்தன. சங்கிலிகள் மட்டும் வரவில்லை. குழாயே போதும் என்ற முடிவு நிலைத்தது.

கரையில் செய்து முடித்த குழாய் ஒவ்வொன்றும் 1,500 டன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. அவற்றை மிதவைகளின்மேல் ஏற்றி, கடல் ஓதத்தின் போக்கறிந்து தூண்களுக்கிடையே கொணர்ந்தனர். பின்னர் நீரழுத்தப் பொறிகளால் மெல்ல மெல்ல நூறடி உயரத்துக்குத் தூக்கினர். குழாய் உயர உயர, அதன் முனைகளின் அடியில் உடனுக்குடன் கல்லும் மரமும் அடுக்கி வரவேண்டும் என்று ஸ்டீபன்சன் கட்டளையிட்டிருந்தார். காலம் வீணாகிறது என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பர். 1849ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் நீரழுத்தப் பொறியின் அடிப்புறம் வெடித்துச் சிதறியது. குழாய் சில அங்குலமே கீழிறங்கி, அடுக்கிய தாங்கலின்மேல் அமர்ந்தது. அத்தாங்கல் இல்லையேல் பல்லாண்டு உழைப்பு கடலுக்குள் சென்றிருக்கும்.

1850ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரிட்டானியா என்னும் பெயரால் அப்பாலம் திறக்கப்பெற்றது. 120 ஆண்டுகள் புகைவண்டிகள் அக்குழாயினுள் புகுந்து சென்றன. அதற்கு வந்த முடிவோ சுமையால் வந்ததன்று. 1970ஆம் ஆண்டு மே மாதத்து இரவொன்றில் சிறுவர் சிலர் கையில் தீப்பந்தத்தோடு குழாயினுள் நுழைந்தனர். தீ கைதவறி விழுந்தது. குழாயின்மேல் வேய்ந்திருந்த கீல் பூசிய கூரை பற்றி எரிந்தது. வெப்பத்தால் இரும்பு தளர்ந்து தொய்ந்தது. சீர்செய்ய இயலாத நிலையில் குழாய்கள் நீக்கப்பெற்று, எஃகு வளைவுகளின்மேல் புதிய பாலம் அமைந்தது. கடற்படையார் அன்று விலக்கிய வளைவே இன்று அங்கு நிற்கின்றது! ஸ்டீபன்சன் எழுப்பிய கற்றூண்கள் மட்டும் பழமையைக் காட்டி உடன் நிற்கின்றன.

தேனிரும்புக்கு அடுத்து எஃகின் காலம் வந்தது. பிரிட்டனில் 1877ஆம் ஆண்டு வரையில் பாலங்களுக்கு எஃகைப் பயன்படுத்த அரசு இசைவளிக்கவில்லை. இசைவு கிடைத்த சில ஆண்டுகளுக்குள் ஸ்காட்லாந்தில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு, புயற்காற்றில் டே ஆற்றுப் பாலம் இடிந்து, சென்றுகொண்டிருந்த புகைவண்டி நீரில் மூழ்கியது. வண்டியில் இருந்தோருள் ஒருவரும் பிழைத்திலர். அப்பாலத்தை அமைத்தவரே அடுத்த பெரும்பாலமாகிய ஃபோர்த்துப் பாலத்துக்கும் திட்டம் வரைந்திருந்தார். அத்திட்டம் கைவிடப்பட்டது. ஜான் பௌலர், பெஞ்சமின் பேக்கர் என்னும் இருவரிடம் அப்பணி வந்தது. காற்றைக் கண்டு அஞ்சிய மக்களின் கண்முன்னே அசையாத பாலம் ஒன்றை அவர்கள் எழுப்ப வேண்டியிருந்தது.

பேக்கர் தம் பாலத்தின் அமைப்பைக் கற்றோர் அவையில் விளக்கிய முறை மிக இனிது. இருவரை நாற்காலிகளில் இடைவெளி விட்டு அமரச் செய்தார். அவர்கள் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினர். கைகளுக்கு முட்டாக, நாற்காலியின் அடியிலிருந்து கோல்கள் சாய்வாக எழுந்தன. வெளிப்புறக் கைகளில் செங்கற்கள் கட்டித் தொங்கின. இருவருக்கும் நடுவே சிறு பலகை ஒன்றில், சப்பான் நாட்டிலிருந்து பொறியியல் கற்க வந்த கையிச்சி வத்தனாபே என்னும் இளைஞர் அமர்ந்தார். அவர் அமர்ந்தவுடன் இருவருடைய கைகளும் இழுபட்டன, கோல்கள் நெருக்குண்டன. பாலத்தில் கைகளின் இடத்தில் திறந்த பின்னல் உறுப்புகளையும், கோல்களின் இடத்தில் வட்டமான எஃகுக் குழாய்களையும் பேக்கர் அமைத்தார். இழுபடும் உறுப்பு வளைவதில்லை. அதற்குக் குழாய் வடிவம் வேண்டுவதில்லை. நெருக்குண்ணும் உறுப்பே வளைந்து கெடும். அதற்கே குழாய் வேண்டும். எதனை எங்கு வைப்பது என்னும் தெளிவு அப்பாலம் முழுவதும் விளங்குகின்றது.

அக்குழாய்களுள் பெரியவை 12 அடி விட்டமுடையன. ஒருவன் தோள்மேல் மற்றொருவன் ஏறி நின்று நடந்தாலும் தலை முட்டாத அகலம் அது. தகடுகளைக் காய்ச்சி வளைத்துத் துளையிட்டு, 65 இலட்சம் தரையாணிகள் அடித்து, ஏழாண்டுகளுக்கு மேல் உழைத்து முடித்தனர். 1890ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் திறக்கப்பெற்ற ஃபோர்த்துப் பாலம், தூணுக்குத் தூண் 1,710 அடி தாவி, இன்றும் புகைவண்டியைச் சுமந்து நிற்கின்றது. அதனைக் கட்டும்போது உயிர்நீத்த தொழிலாளர் எழுபதின்மருக்கு மேற்பட்டவர். பாலத்தைப் போற்றுவோர் அவர்களையும் நினைத்தல் முறை.

அக்காலத்தில் குழாய் என்பது தகடுகளை ஆணியால் தைத்துச் செய்வதாகவே பெரும்பாலும் இருந்தது. செர்மனி நாட்டு மன்னெஸ்மன் உடன்பிறந்தார் இருவர் 1885ஆம் ஆண்டில், காய்ச்சிய உருண்ட எஃகைச் சாய்ந்த உருளைகளுக்கிடையே சுழற்றி, மூட்டே இல்லாத குழாயாக்கும் வழியைக் கண்டனர். எஃகுப் பட்டையை உருட்டி, ஓரங்களை மின்னாற்றலால் பற்றவைத்துக் குழாயாக்கும் முறையும் பின்னர் வளர்ந்தது. வட்டக் குழாயை உருளைகளால் நெருக்கினால் சதுரக் குழாய் கிடைக்கும். சதுரமும் நீண்ட சதுரமும் கட்டடத்துக்கெனப் பெருவழக்கானது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரேயாம்.

சதுரத்துக்கு வந்த செல்வாக்கின் காரணம் பட்டறையில் நின்று பார்ப்போர்க்கு விளங்கும். வட்டக் குழாய் ஒன்றின்மேல் மற்றொரு வட்டக் குழாயைப் பொருத்த வேண்டுமாயின், அதன் முனையைக் குதிரைச் சேணம்போல வளைவாக வெட்ட வேண்டும். ஒரு நூலிழை தவறினும் இடைவெளி விழும். சதுரக் குழாயின் முனையையோ நேராக வாளால் அறுத்து அப்படியே வைத்துப் பற்றவைக்கலாம். ஆயினும் சதுரத்துக்கும் ஒரு குறை உண்டு. மண்ணெண்ணெய்த் தகரத்தின் பக்கத்தை நடுவே விரலால் அழுத்தினால் உள்ளே குழியும். மூலையில் அழுத்தினால் குழியாது. பெரிய சதுரக் குழாயின் அகன்ற முகத்தின் நடுவே சிறு குழாயைப் பொருத்தினால், சுமை வந்தபோது அம்முகமும் அவ்வாறே குழியும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அகலமாயின் சுமை மூலைகளின் வழியே இறங்கும். இதனை உணராது குழாயின் வலிமையை மட்டும் கணக்கிட்டு, பொருத்தின் வலிமையை மறந்தவர் கட்டிய கூரை, குழாய் நன்றாயிருக்கவே வீழும்.

உள்ளே துரு ஏறாதோ என்னும் வினா பலர்க்கும் எழும். துருவுக்குக் காற்றும் ஈரமும் வேண்டும். இரு முனைகளையும் முற்றும் அடைத்துப் பற்றவைத்த குழாயினுள் அகப்பட்ட சிறிதளவு காற்று விரைவில் தீர்ந்துபோகும். அதன்பின் துரு வளராது. ஊசிமுனைத் துளை ஒன்று இருந்தாலோ மழைநீர் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கிவிடும். குளிர்நாட்டில் அந்நீர் உறைந்து பருத்துக் குழாயைப் பிளப்பதும் உண்டு. துருவைத் தடுக்க உருகிய துத்தநாகக் குழம்பில் தோய்ப்பதானால் நிலைமை தலைகீழாகும். அப்போது குழாயில் துளை வேண்டும். அடைத்த குழாயைத் தோய்த்தால் உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் கொதித்து விரிந்து வெடித்துவிடும். அருகே நிற்போர்க்கு உயிரிழப்பும் நேரலாம். தீயின் முன்னர் மெல்லிய சுவர் விரைவில் சூடேறும் என்பதால், தூண்களின் உள்ளே கற்காரையை நிரப்புவதும் வழக்கம். கற்காரை வெப்பத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதோடு சுமையிலும் பங்குகொள்ளும்.

வட்டக் குழாயின் உருண்ட வடிவம் காற்றையும் அலையையும் எளிதில் வழுக்கி ஓடவிடும். ஆதலின் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகள் பெரும்பாலும் குழாய்களாலேயே அமைவன. நார்வே நாட்டவர் வடகடலில் நிறுத்தியிருந்த மிதவை மேடை ஒன்றுக்கு, அந்நாட்டு நாவலாசிரியராகிய அலெக்சாந்தர் செல்லாண்டின் பெயர் சூட்டப்பெற்றிருந்தது. எழுத்தாளர் பெயரை எண்ணெய்க் கிணற்றுக்குத் துணையாகிய மேடைக்கு இடும் நாடு போற்றத்தக்கதே. மேடைக்குக் கால்கள் ஐந்து. கால்களைப் பெருங்குழாய்கள் தம்முள் பிணைத்து நின்றன. எகோஃபிஸ்க் என்னும் எண்ணெய் வயலில் உழைப்போர் தங்கும் விடுதியாக அது பயன்பட்டுவந்தது.

1980ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் மாலை. கடல் சீறிக்கொண்டிருந்தது. பணிமுடித்தோர் உணவருந்தியும் படம் பார்த்தும் இளைப்பாறிக்கொண்டிருந்தனர். மேடையில் இருந்தோர் 212 பேர். ஆறரை மணியளவில் பேரோசை ஒன்று கேட்டது. பிணைப்புக் குழாய்களுள் ஒன்று முற்றும் அறுந்துவிட்டது. அது தாங்கிய சுமை மற்றக் குழாய்களின்மேல் பாய, அவையும் அடுத்தடுத்து முறிந்தன. ஐந்து கால்களுள் ஒன்று தனியே பிரிந்து சென்றது. மேடை முப்பது பாகைக்கு மேல் சாய்ந்தது. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் தலைகீழாகக் கவிழ்ந்தது. குளிர்ந்த கடலில் மாண்டவர் 123 பேர்.

அறுந்த குழாயின் விட்டம் 2.6 மீட்டர், உயர்ந்த மனிதன் கைதூக்கி நின்றாலும் அடங்கும் அகலம். அத்தகைய குழாயை அறுத்தது யாது? நீரினடியில் ஒலியைக் கேட்கும் கருவி ஒன்றைத் தாங்க, அக்குழாயில் துளையிட்டுச் சிறு குழல் ஒன்றைச் செருகியிருந்தனர். அது மேடையின் சுமையைத் தாங்கும் உறுப்பன்று. ஆகவே அதனை வெறும் கருவியாகவே கருதினர். கட்டமைப்பின் பகுதியாக எண்ணிக் கணக்கிட்டார் இலர். அதனைச் சுற்றி இட்ட பற்றவைப்பு 6 மில்லிமீட்டர் அளவினது. அதுவும் செம்மையாக இடப்படவில்லை. அப்பற்றவைப்பில் விழுந்த மெல்லிய கீறலுக்கு ஒவ்வோர் அலையும் ஒரு சிறு தள்ளுக் கொடுத்தது. கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் இறுதியில் அது மெல்ல அறுந்துவிடுகிறதன்றோ? அதுபோல, ஓயாத அலைகளால் கீறல் குழாயின் சுற்றளவில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தது. எஞ்சிய சிறு பகுதி அன்றைய புயலில் அறுந்தது. உட்டுளையுள்ள எஃகின் இயல்பே தவறென்று எவரும் கூறவில்லை. அதே வகைக் குழாய்கள் எண்ணிறந்தவை அக்கடலில் நின்றன.

நார்வே அரசு அமைத்த குழுவினர் ஆராய்ந்து 1981ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தனர். அறுந்த முகத்தை அவர்கள் ஆராய்ந்தபோது, பற்றவைப்பின் கீறலினுள்ளே வண்ணப்பூச்சின் சுவடு காணப்பட்டது. வண்ணம் கீறலுக்குள் புகுந்திருக்க வேண்டுமாயின், பூசும்போதே கீறல் இருந்திருக்க வேண்டும். மேடையைக் கட்டிய துறைமுகத்திலேயே, அது கடலைக் காணும் முன்னரே, கீறல் தோன்றிவிட்டது. பூசியவர் கை அதன்மேல் சென்றது. மேற்பார்த்தவர் கண்ணும் அதன்மேல் சென்றது. காந்தத் துகளைத் தூவியும், செவிக்கெட்டா ஒலியைச் செலுத்தியும் பற்றவைப்பின் உள்ளே காணும் முறைகள் அக்காலத்திலேயே இருந்தன. சுமை தாங்காத சிறு பொருத்துக்கு அவை எதற்கு என்று விட்டுவிட்டனர் போலும்.

கவிழ்ந்த மேடையை நிமிர்த்தப் பலமுறை முயன்று, 1983ஆம் ஆண்டிலேயே நிமிர்த்தினர். காணாமற்போன உடல்களை உள்ளே தேடினர். பிறகு அதனை ஆழமான கடற்கழி ஒன்றில் அமிழ்த்தினர். அறுந்த குழாயின் ஒரு துண்டை மட்டும் காத்து, ஸ்டாவாங்கர் நகரத்து எண்ணெய் அருங்காட்சியகத்தில் வைத்துள்ளனர். கருவிக் குழல் செருகியிருந்த வாயையும், அதனின்று தொடங்கிய முறிவையும் அங்குச் செல்வோர் அருகில் நின்று காணலாம்.